வீட்டுப் பட்டறைக்குப் பழைய ஷேப்பர்: சேலத்தில் வாங்கி ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு சின்ன லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்துக்கொண்டு, அடுத்தது மில்லிங் மெஷின்தான் என்று காசு சேர்த்துக்கொண்டிருப்பவர் யாராக இருந்தாலும், அந்தக் காசை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு பழைய ஷேப்பரைப் போய்ப் பார்த்துவிடுங்கள். நான் பார்த்தேன், வாங்கினேன், கன்னங்குறிச்சியில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. மெஷினைப் பற்றி எனக்கு முழுத் திருப்தி. விற்ற கடையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது, அதற்குக் காரணம் இருக்கிறது, அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

ஷேப்பரைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. ராம் என்கிற கனமான இரும்புக் கட்டை முன்னும் பின்னும் போய்வரும். அதன் முனையில் லேத் டூல் மாதிரி ஒரே ஒரு டூல். முன்னால் போகும்போது வெட்டும், திரும்பி வரும்போது டூலைப் பிடித்திருக்கும் கிளாப்பர் என்கிற கீல் லேசாகத் தூக்கிக்கொள்வதால் உரசாமல் வரும், அந்தத் திரும்பும் நேரத்தில் டேபிள் ஒரு பல் நகர்ந்து அடுத்த வெட்டுக்குத் தயாராகும். அவ்வளவுதான் மெஷின். நான் சின்ன வயதில் பார்த்த லேத் பட்டறைகளில் மூலையில் இது ஒன்று கட்டாயம் நிற்கும். அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் விசைத்தறிக்கு வேண்டிய புல்லி, கியர்களுக்கு கீ வே (தண்டோடு பூட்டும் சாவிக்கான பள்ளம்) போடவும், ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலைகளிலிருந்து வரும் வார்ப்புகளை மட்டமாக்கவும் அதுதான். இப்போது அந்த வேலையெல்லாம் விஎம்சி, ஒயர் கட் என்ற கம்ப்யூட்டர் மெஷின்களுக்குப் போய்விட்டது. பட்டறைக்காரருக்கு இடம் வேண்டும், ஷேப்பர் வெளியே போகிறது. அதனால்தான் நல்ல மெஷின்கூடப் பழைய இரும்பு விலையை ஒட்டிக் கிடைக்கிறது.

வீட்டுப் பட்டறைக்கு இது ஏன் பொருத்தம் என்றால் மெஷின் விலை மட்டும் காரணமில்லை, டூல் செலவுதான் பெரிய காரணம். மில்லிங் மெஷின் வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள், மெஷினுக்குக் கொடுத்த காசு ஒரு பக்கம், கட்டர், கோலெட், ஆர்பர், இன்சர்ட் என்று போய்க்கொண்டே இருக்கிற காசு இன்னொரு பக்கம். ஒரு எண்ட் மில் முனை போனால் வீட்டில் தீட்ட முடியாது. ஷேப்பருக்கு அரை இஞ்ச் எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் பிட் ஒன்று போதும், சில நூறு ரூபாய், பெஞ்ச் கிரைண்டரில் நாமே தீட்டிக்கொள்ளலாம், தீட்டித் தீட்டி விரல் நீளத்துக்கு வரும் வரை ஓட்டலாம். டவ்டெயில், அதாவது சரிந்த பக்கங்கள் உள்ள பள்ளம், வேண்டுமா, அந்தக் கோணத்துக்கு டூலைத் தீட்டி ஹெட்டைச் சாய்த்தால் வேலை முடிந்தது. அதே டவ்டெயிலுக்குத் தனிக் கட்டர் என்ன விலை என்று கடையில் விசாரித்தால் வித்தியாசம் புரியும். ஒரு விஷயம்: லேத் டூலுக்கு விடுவது போல கிளியரன்ஸ் (டூல் உரசாமல் இருக்க விடும் சாய்வு) அள்ளி விட வேண்டாம். ஷேப்பரில் வெட்டு நடக்கும்போது ஃபீட், அதாவது டேபிள் நகர்வது, நடப்பதில்லை, அதனால் முன்பக்கம் 4 டிகிரி போதும், முனை பலமாக இருக்கும்.

நான் வாங்கியது 18 இஞ்ச் ஸ்ட்ரோக் (ராம் போய்வரும் தூரம்), பஞ்சாபில் பட்டாலா பக்கத்து வார்ப்பு. பட்டாலா, லூதியானா, ராஜ்கோட் மூன்று ஊர் மெஷின்களும் நம் ஊர்ப் பட்டறைகளில் நிறையப் புழங்கியவை, பேர்ப்பலகையே இல்லாமல் நிற்பவையும் உண்டு, பேரை வைத்து விலை பேசுவதில் பெரிய அர்த்தமில்லை. 12 இஞ்ச் கிடைத்தால் வீட்டுக்கு இன்னும் வசதி, இடமும் குறைவு எடையும் குறைவு, ஆனால் எல்லோரும் அதையே தேடுவதால் சீக்கிரம் கைமாறிவிடுகிறது. 24 இஞ்ச் மலிவாகக் கிடைக்கும், ஆசைப்படாதீர்கள், அது வீட்டுக்கான சாமான் இல்லை.

கடை பைபாஸ் ஓரத்தில் ஒரு பெரிய தகர ஷெட். பழைய லேத், பவர் பிரஸ், ஹேக்சா எல்லாம் வரிசையாக நிற்க, நடுவில் ஷேப்பர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைப் பெயிண்ட். என்னோடு பெரியப்பாவை அழைத்துப் போயிருந்தேன். ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், வாயைத் திறந்து அதிகம் பேசமாட்டார். உள்ளே நுழைந்ததும் கடைக்காரர், "அண்ணா, இது காலேஜ் லேப்புல நின்ன மெஷின், ஓட்டவே இல்லை, புதுசு மாதிரி" என்று ஒன்றைக் காட்டினார். பெரியப்பா என் கையைத் தொட்டு, "பெயிண்ட்டைப் பாக்காதடா, ராமைப் பாரு, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். பழைய ஷேப்பர் வாங்குவதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதைத்தான் யாரும் சரியாகச் சொல்வதில்லை.

ஷேப்பரில் பெரும்பாலான வேலை சின்ன ஸ்ட்ரோக்கில்தான் நடந்திருக்கும். 18 இஞ்ச் மெஷினாக இருந்தாலும் நாள் பூராவும் 4 இஞ்ச், 6 இஞ்ச் வேலையே ஓடியிருக்கும். அதனால் ராம் உட்கார்ந்து ஓடுகிற வழி முழு நீளத்துக்கும் சமமாகத் தேயாது, நடுவில் தேய்ந்து, இரண்டு ஓரமும் புதுசாகவே நிற்கும். இப்போது நடுவில் ஆட்டம் வருகிறதே என்று ஜிப்பை (இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை) இறுக்கினால் ஓரத்துக்குப் போகும்போது ராம் பிடித்துக்கொள்ளும். ஓரத்துக்குச் சரியாக வைத்தால் நடுவில் ஆடும். இதை மோட்டார் போட்டுப் பார்த்தால் தெரியாது. மோட்டாரை நிறுத்திவிட்டு, ஸ்ட்ரோக்கை முழுசாகத் திறந்து வைத்து, புல்லியைக் கையால் சுற்ற வேண்டும். மேக்னெட் ஸ்டாண்டோடு டயல் கேஜை (நுண்ணிய அசைவைக் காட்டும் கருவி) மெஷினின் உடம்பு மேல் ஒட்டி, முள்ளை ராமின் மேல்பக்கத்தில் வைத்து, ராமின் முனைக்குக் கீழே ஒரு மரக்கட்டையைக் கொடுத்துக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள், முள்ளைப் பக்கவாட்டுக்கு மாற்றி வைத்துப் பக்கவாட்டிலும் தள்ளிப் பாருங்கள். நடுவில் ஒரு தடவை, முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. மூன்று இடத்திலும் முள் ஏறக்குறைய ஒரே அளவு ஆடினால் ஜிப்பை இறுக்கினால் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம். நடுவில் மட்டும் அதிகம் ஆடினால் அது ஸ்கிரேப்பிங் வேலை, பிரஷ்யன் ப்ளூ தடவிக் கையால் சுரண்டிச் சரிசெய்ய வேண்டிய வேலை, அதற்கு ஆளும் பொறுமையும் இல்லாதவர் அந்த மெஷினை விட்டுவிடலாம்.

அந்தப் 'புதுசு மாதிரி' மெஷினில் இப்படிப் பார்த்தபோது நடுவில் முள் தாராளமாகச் சுற்றியது. பக்கத்தில் பெயிண்ட் உரிந்து, வேலையைப் பிடிக்கும் வைஸ் மேலெல்லாம் டிரில் குத்திய தழும்போடு இன்னொன்று நின்றது, அதில் மூன்று இடத்திலும் ஆட்டம் குறைவு, ஒரே அளவு. வாங்கியது அதைத்தான்.

ராமுக்கு அடுத்தது உள்ளே இருந்து அதை ஓட்டுகிற புல் கியர் என்ற பெரிய பல்சக்கரமும் ராக்கர் ஆர்ம் என்ற ஆடும் கையும். பக்கவாட்டு மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மாட்டேன் என்று சொல்கிற கடையில் மேற்கொண்டு பேச வேண்டாம். புல் கியரை ஒரு முழுச் சுற்று கையால் சுற்றி ஒவ்வொரு பல்லையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உடைந்த பல்லைப் பித்தளை வெல்டிங் வைத்து ராவி விட்டிருப்பார்கள், நிறம் காட்டிக்கொடுக்கும். அப்புறம் மோட்டாரைப் போட்டு ஓட்டும்போது ராம் திரும்புகிற இரண்டு முனையிலும் 'டக்' என்று ஒரு தட்டு கேட்கிறதா என்று கவனியுங்கள். அது ராக்கர் ஆர்முக்குள் ஓடுகிற ஸ்லைடிங் பிளாக் தேய்ந்த சத்தம். அந்த பிளாக்கை கன்மெட்டலில் (ஒரு வெண்கல வகை) புதிதாகச் செய்து போட்டுவிடலாம், பெரிய செலவில்லை, ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். நானும் குறைத்தேன்.

கிளாப்பர் பாக்ஸைக் கையால் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். தூக்கும் திசையில் சுலபமாகத் தூக்க வேண்டும், பக்கவாட்டில் அசையவே கூடாது. அசைந்தால் வெட்டின முகத்தில் அலை அலையாகக் கோடு விழும். டேப்பர் பின்னை மாற்றி ரீமர் போட்டால் தீர்ந்துவிடும், அரை நாள் வேலை. டேபிளைத் தாங்குகிற கிராஸ் ரெயிலைக் கடைசி வரை ஏற்றி, கடைசி வரை இறக்கிப் பாருங்கள், பல மெஷின்களில் ஒரே உயரத்தில் வருஷக்கணக்காக நின்றதால் ஸ்குரூ துருப்பிடித்து அசையாமல் போயிருக்கும். டேபிளுக்கு முன்னால் தாங்கல் ஒன்று உண்டு, பழைய மெஷினில் முதலில் காணாமல் போவது அதுதான், இருக்கிறதா பாருங்கள். அடியில் போல்ட் போடும் காலில் விரிசல் இருக்கிறதா என்று சுத்தியால் தட்டிக் கேளுங்கள், நல்ல வார்ப்பு கணீரென்று சொல்லும், விரிசல் விழுந்தது மொத்தென்று இருக்கும். டேபிள் மேல் இருக்கிற குழி, டிரில் தழும்பு, பெயிண்ட், துரு இதற்கெல்லாம் கவலையே வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதற்குத்தான் கீழே ஒரு பத்தி இருக்கிறது.

விலை. 85,000 என்று ஆரம்பித்து, மோட்டார், வைஸ் எல்லாம் சேர்த்து 64,000-க்கு முடிந்தது. கடைக்காரரைப் பற்றி நல்லதைச் சொல்லியாக வேண்டும்: மூடியைக் கழற்ற விட்டார், டயல் கேஜ் வைக்க விட்டார், நாங்கள் கொண்டுபோன வார்ப்பிரும்புத் துண்டை வைஸில் பிடித்து ஒரு வெட்டு போட்டும் காட்டினார், அவசரப்படுத்தவே இல்லை, டீயும் வந்தது. ஆனால் வண்டியில் மெஷின் வந்து இறங்கியபோது மேலே இருந்த வைஸ் நாங்கள் பார்த்த வைஸ் இல்லை. பார்த்தது சுழலும் அடிப்பாகத்தோடு டிகிரி போட்ட வைஸ், வந்தது அதைவிடச் சின்னது, அசையும் தாடை தேய்ந்தது, சுழலாது. போன் செய்தால், "அதான் அண்ணா இதோட செட்டு" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். ஷேப்பரில் வைஸ் என்பது கூடுதலாகக் கொடுக்கிற சாமான் இல்லை, மெஷினின் பாதி அதுதான், நல்ல ஷேப்பர் வைஸ் தனியாக வாங்கப் போனால் கை கடிக்கும். இதை நான் மன்னிக்கவில்லை. நீங்கள் வாங்கும்போது வைஸ் தாடையில் சென்டர் பஞ்சால் ஒரு அடையாளம் குத்திவிட்டு, அதை போட்டோ எடுத்து, அட்வான்ஸ் கொடுக்கும் ரசீதிலேயே வைஸ், ஹேண்டில், மோட்டார், தாங்கல் என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள்.

கொண்டு வருவது தனிக் கதை. இந்த மெஷின் குட்டி யானையில் ஏற்றுகிற எடை இல்லை, பிக்அப் வேண்டும். கடையில் கேன்ட்ரி (பளு தூக்கும் சட்டம்) இருந்ததால் ஏற்றுவது சுலபம். ஏற்றும்போது ராமை நடுவுக்குக் கொண்டுவந்து, டேபிளைக் கீழே இறக்கிப் பூட்டிவிடுங்கள், கயிறை ராமில் போட விடாதீர்கள், மெஷினின் உடம்பில்தான் போட வேண்டும். எங்கள் சந்துக்குள் ஹைட்ரா கிரேன் நுழையாது என்பதால் ரோட்டிலேயே ஹைட்ரா வைத்து இறக்கி, அங்கிருந்து ஜிஐ பைப்பை அடியில் உருட்டிக்கொண்டு கடப்பாரையால் நெம்பி நெம்பி உள்ளே கொண்டுபோனோம். மெதுவாகப் போனால் மூன்று பேர் போதும். ஷேப்பருக்கு மேல்பக்கம்தான் கனம், சாயும் பழக்கம் உள்ளது, சரிவில் உருட்டவே வேண்டாம். ஏற்காடு போகும் வழியில் அடிவாரத்துச் சரிவிலோ, மேலேயோ வீடு உள்ளவர்கள் இறக்கும் இடத்தைப் பார்த்து வைத்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.

கரெண்டு விஷயத்தில்தான் நிறையப் பேர் பின்வாங்குகிறார்கள், தேவையே இல்லை. மெஷினில் இருப்பது 2 எச்பி மூன்று பேஸ் மோட்டார், வீட்டில் இருப்பது ஒற்றை பேஸ். நடுவில் ஒரு விஎஃப்டி (ஒற்றை பேஸை மூன்று பேஸாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி) போட்டால் போதும், ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. ஒற்றை பேஸில் ஓடுகிற சாதாரண விஎஃப்டி மூன்று பேஸாகக் கொடுத்தாலும் கொடுப்பது 230 வோல்ட்தான். மோட்டாரோ 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டியது (ஸ்டார், டெல்டா என்பவை மோட்டார் காயில்களை இணைக்கும் இரண்டு முறைகள்). அதை டெல்டாவாக மாற்றினால்தான் 230-இல் முழு பலத்தோடு ஓடும். டெர்மினல் பெட்டியைத் திறந்தால் ஆறு முனை இருக்கிறதா பாருங்கள். ஆறு இருந்தால் தகட்டை மாற்றிப் போட்டாலே டெல்டா. மூன்றுதான் இருந்தால் ஸ்டார் முடிச்சு காயிலுக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம், மோட்டார் வைண்டிங் கடையில் கொடுத்து அந்த முடிச்சைப் பிரித்து ஆறு முனையாக வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும். என்னுடையதில் மூன்றுதான். வைண்டிங் மாற்ற வேண்டியதில்லை, முடிச்சைப் பிரிப்பது மட்டும்தான் வேலை என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் முழு வைண்டிங்குக்கும் பில் வரும். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்துக்கொண்டேன், எர்த் கட்டாயம். விஎஃப்டி வந்ததில் இன்னொரு நன்மை, மோட்டார் மெதுவாக எழுந்து ஓடுகிறது, பக்கத்து வீட்டு விளக்கு மங்குவதில்லை. இதெல்லாம் சொந்த வேலைக்குச் சரி, காசுக்கு ஜாப் எடுத்துச் செய்வதானால் வீட்டு இணைப்பில் ஓட்டக்கூடாது, அதற்கு வேறு இணைப்பு வாங்க வேண்டும்.

பெயிண்ட்டுக்கு அடியில் எல்லா ஆயில் ஓட்டையும் அடைந்து கிடந்தது. டீசலும் கம்பியும் வைத்து ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தபோது வந்த கறுப்பு மெழுகைப் பார்த்தால், ராம் இத்தனை வருஷம் எண்ணெயே இல்லாமல் எப்படி ஓடியது என்று ஆச்சரியமாக இருந்தது. இப்போது 68 நம்பர் ஆயில், ஓட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு ஓட்டையிலும். இன்னொன்றும் கண்ணில் பட்டது: ஃபீட் தவறான நேரத்தில் நடந்துகொண்டிருந்தது. டேபிள் நகர வேண்டியது ராம் திரும்பும்போது. இதில் டூல் உலோகத்துக்குள் இருக்கும்போதே டேபிள் நகர்ந்தது. கழற்றி மாட்டியவர் ஃபீட் கொடுக்கும் கிராங்க் பின்னை அரைச் சுற்று மாற்றிப் போட்டுவிட்டார், அவ்வளவுதான். பழைய ஷேப்பர் எதை வாங்கினாலும் இதை முதல் நாளே பார்த்துவிடுங்கள், டூல் சீக்கிரம் மழுங்குகிறது, ராட்செட் பல் போகிறது என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

இப்போது டேபிள். எனக்கு இந்த மெஷின் மேல் பிரியம் வந்ததற்குக் காரணமே இதுதான். ஷேப்பர் தன் டேபிளைத் தானே செதுக்கிக்கொள்ளும். வைஸைக் கழற்றிவிட்டு, கிராஸ் ரெயிலைப் பூட்டி, எல்லா ஜிப்பையும் இறுக்கி, அகல மூக்கு டூலைப் போட்டு, சின்ன ஃபீடில் டேபிள் மேலேயே ஓட்டினேன். மொத்தம் 0.3 மில்லிமீட்டர்தான் எடுத்தது. டிரில் குத்திய ஆழமான குழிகள் அப்படியே இருக்கின்றன, அவற்றால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் முகம் முழுவதும் இப்போது ராம் போகிற பாதைக்கு நேர் இணையாக இருக்கிறது. அப்புறம் வைஸைத் திரும்ப வைத்து, டூல் போஸ்டில் டயல் கேஜைக் கட்டி, வைஸின் அடித்தளத்தில் முள்ளை ஓட்டிப் பார்த்து, அதையும் லேசாக ஒரு வெட்டு எடுத்துவிட்டேன். ராம் சரியாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் அந்த ராமை வைத்தே சரிசெய்யலாம். ராம் கோணலாக இருந்தால் அந்தக் கோணல் டேபிளுக்கும் போகும், வைஸுக்கும் போகும், செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் போகும். பெரியப்பா ராமைப் பார் என்று சொன்னதன் முழு அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

செய்த வேலைகளில் ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் பழம் உரிக்கும் பல்ப்பரின் பேரிங் பிளாக்கைக் கொண்டுவந்தார். இரண்டாகப் பிளந்த வார்ப்பிரும்பு பிளாக், மேல் மூடி உடைந்து போயிருந்தது. அறுவடை தொடங்குவதற்குள் வேண்டும், புது பாகம் எங்கேயும் கிடைக்கவில்லை. பழைய மூடியையே மாதிரியாக வைத்துப் புதிதாக வார்த்து வாங்கி, ஷேப்பரில் பிடித்தேன். புது வார்ப்பில் மேல்தோல் கெட்டியாக இருக்கும், மணலும் ஒட்டியிருக்கும். பயந்து பயந்து லேசாக வெட்டினால் டூல் முனை அந்தத் தோலிலேயே உரசி நிமிடத்தில் மழுங்கிவிடும். முதல் வெட்டே தோலுக்குக் கீழே இறங்க வேண்டும். 2 மில்லிமீட்டர் இறக்கி விட்டேன், சடக் சடக் என்று நிதானமாகப் போய்வந்தது, கறுப்புத் தோல் பொடிப்பொடியாக உதிர்ந்து, அடியில் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று முகம் வந்தது. அந்த முகத்தை வைஸின் நிலையான தாடையில் ஒட்டி, அசையும் தாடைக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஒரு உருண்டைக் கம்பியை வைத்து இறுக்கினால், முதல் முகம் நிலையான தாடையில் முழுசாக உட்காரும், இரண்டாவது முகம் முதல் முகத்துக்குச் சரியாக 90 டிகிரியில் வரும். இது பெரியப்பா சொல்லிக்கொடுத்த வித்தை, மில்லிங்கிலும் செல்லும். மூடியையும் அடிப்பாகத்தையும் சேர்த்து வைத்தபோது நடுவில் சிகரெட் தாள்கூட நுழையவில்லை. அதற்குப் பிறகு லேத்தில் போரிங். அந்த அறுவடை அந்த பிளாக்கில்தான் ஓடியது.

அதற்கப்புறம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்கிற ஒருவருக்கு டை வைக்கும் அடிக்கட்டையை ஆறு முகமும் மட்டமாக எடுத்துக் கொடுத்தேன், என் லேத்துக்கு ஒரு புது ஜிப் போட்டேன், ஒரு புல்லிக்கு உள் கீ வே போட்டேன். உள் கீ வேக்கு நீட்டுக் கம்பியில் டூல் கட்டி ஓட்டும்போது கிளாப்பரைத் திருகி இறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பும்போது தூக்கி மேல் சுவரில் இடிக்கும்.

மெதுவான மெஷின் என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 150 மில்லிமீட்டர் நீளம், 100 மில்லிமீட்டர் அகலம் உள்ள ஒரு வார்ப்பிரும்பு முகம். முன்னும் பின்னும் கொஞ்சம் விட்டு ஸ்ட்ரோக் 180. வார்ப்பிரும்புக்கு எச்எஸ்எஸ் டூலில் நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகம் வைத்தால், திரும்பும் நேரத்தையும் (வெட்டும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு) சேர்த்து நிமிடத்துக்கு 66 ஸ்ட்ரோக் வரும், மெஷினில் அதற்குக் கீழே இருக்கிற 60-ஐ வைத்துக்கொள்ளலாம். ஃபீட் 0.25 என்றால் 100 மில்லிமீட்டருக்கு 400 ஸ்ட்ரோக். 7 நிமிடத்துக்குள் முகம் முடிந்துவிடுகிறது. உற்பத்தி செய்கிற கம்பெனிக்கு இது கட்டாது. சனிக்கிழமை சாயங்காலம் ஷெட்டில் நிற்கிற எனக்கு 7 நிமிடம் ஒரு பொருட்டே இல்லை, அந்த நேரத்தில் அடுத்த டூலைத் தீட்டிவிடலாம். ஒன்று மட்டும் கவனம், ஸ்ட்ரோக்கைச் சின்னதாக்கினால் திரும்பும் வேகத்தில் கிடைக்கிற லாபம் குறைந்துகொண்டே போகும், அது ராக்கர் ஆர்ம் அமைப்பின் இயல்பு, மெஷினில் கோளாறு இல்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இடம் நிறையப் பிடிக்கும். ராம் பின்னால் வரும்போது மெஷினுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வரும், பின்சுவரில் இருந்து தள்ளி வைக்க வேண்டும், அந்த இடைவெளியில் யாரும் நுழையாதபடி கம்பியோ பலகையோ கட்டாயம் அடித்துவிடுங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. முன்பக்கம் சூடான சில்லு சுள்ளென்று பறக்கும், ராமுக்கு நேர் எதிரே நிற்கக்கூடாது, நான் டேபிளுக்கு முன்னால் ஒரு தகரத்தைத் தொங்கவிட்டிருக்கிறேன். ஸ்ட்ரோக் நீளத்தையும் இடத்தையும் மாற்றிய ஒவ்வொரு தடவையும் மோட்டாரைப் போடுவதற்கு முன்னால் புல்லியைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும், டூல் வைஸில் இடிக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்விட்ச். வேகத்தைக் கூட்டினால் ராமின் எடைக்கு மெஷினே அசையும், தரையில் போல்ட் அடிக்காமல் ஓட்டாதீர்கள். நான் ஆறு இஞ்ச் கான்கிரீட் போட்டு, மட்டம் பார்த்து, போல்ட் இறக்கியிருக்கிறேன். வளைந்த வடிவம், பாக்கெட், வட்டமாக வெட்டுகிற வேலை எதுவும் இதில் சுலபமாக வராது, அதற்கெல்லாம் மில்லிங்தான்.

மெஷின், வண்டி, ஹைட்ரா, விஎஃப்டி, ஒயரிங், கன்மெட்டல் பிளாக் எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு லட்சத்துக்குள் முடிந்தது. அந்த வைஸை மட்டும் மாற்ற வேண்டும், நல்லது ஒன்று கிடைக்கும் வரை இருப்பதை வைத்து ஓட்டுகிறேன்.

அந்தக் கடைக்கு மறுபடி போவீர்களா என்று கேட்டால், போவேன். மெஷினைத் திறந்து காட்டுகிற கடைகள் குறைவு, அந்த ஒரு விஷயத்துக்காகப் போகலாம். ஆனால் ஏற்றும்போது நானே கூட நின்று, வைஸில் நான் குத்திய புள்ளியைப் பார்த்த பிறகுதான் மீதிப் பணத்தைக் கொடுப்பேன். போகிறவர்கள் டயல் கேஜ், மேக்னெட் ஸ்டாண்ட், டார்ச், சின்னச் சுத்தி, கடப்பாரை, வெட்டிப் பார்க்க ஒரு வார்ப்பிரும்புத் துண்டு, தீட்டிய டூல் பிட் ஒன்று, இதெல்லாம் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் அந்தத் தகர ஷெட்டுக்குள் வெயிலில் நிற்க முடியாது.